வினையைப் படிக்காத விடை: தேர்வு ஏவற்சொற்களும் நன்னூலும்

தேர்வெழுதும் மாணவர் வினாவில் உள்ள பெயர்ச்சொல்லுக்கு விடை எழுதுகிறார், வினைச்சொல்லுக்கு எழுதுவதில்லை. 'விளக்குக', 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக', 'நிறுவுக' என எது வந்தாலும் அவர் கண் தலைப்பைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு அந்தத் தலைப்பில் தெரிந்ததையெல்லாம் மதிப்பெண்ணுக்குத் தக்கபடி நீட்டியோ குறுக்கியோ எழுதிவிடுகிறார். இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பெயர், வினை, இடை, உரி என்னும் நால்வகைச் சொல்லைப் பள்ளியிலேயே படித்தவர் அவர். அந்தப் பாகுபாட்டைக் கொண்டு வினாத்தாளையே படிக்கலாம் என்பது அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. கற்பிப்பதற்கான கருவி நன்னூலில் ஆயத்தமாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நன்னூலைக் கொங்குநாடு தன்னுடையது என்று கொண்டாடி வந்திருக்கிறது. நூலாசிரியர் பவணந்தியாரின் ஊராகச் சொல்லப்படும் சனகாபுரம் மைசூர்ப் பகுதியைச் சேர்ந்தது என்பாரும் உளர். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அது என்பது இங்குள்ள மரபு. கொங்குமண்டல சதகமும் அவரை இந்த மண்ணின் புலவராகவே போற்றுகிறது. வழக்கு எப்படி முடிந்தாலும், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட எழுந்த அந்நூலைக் கோவை, ஈரோட்டுத் தமிழ் மாணவர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். படித்தும், சொல்லதிகாரம் அவர்களுக்குப் பகுதி, விகுதி பிரிக்கும் பயிற்சியாகவே முடிந்துவிடுகிறது. நூலின் 462 நூற்பாக்களில் 55 பாயிரத்துக்கு உரியவை. கற்பது, கற்பிப்பது, உரை செய்வது ஆகியவற்றையும் அவை பேசுகின்றன. அந்தப் பகுதி பெரும்பாலும் மனப்பாடத்தோடு நின்றுபோகிறது.

வினையியலின் தொடக்கத்தில் நன்னூலார் வினைச்சொல் உணர்த்தும் பொருள்களாக ஆறினைச் சொல்கிறார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இதை ஒரு வினாவின்மேல் வைத்துப் பார்ப்போம். 'கொடுமணல் அகழாய்வைக் கொண்டு, சங்ககாலக் கொங்குநாட்டின் வணிகத்தை மதிப்பிடுக.' வணிகம் செய்பொருள், கொங்குநாடு நிலம், சங்ககாலம் காலம், கொடுமணல் அகழாய்வு கருவி, மதிப்பிடுதல் செயல். செய்பவன் யார்? விடைத்தாளின்முன் உட்கார்ந்திருக்கும் மாணவரே. நன்னூலார் சொல்லும் காலம் வினைச்சொல் காட்டும் காலம். அதை வினாவின் காலவரையறைக்கு நீட்டிக்கொண்டது என் பொறுப்பு. மற்ற ஐந்தும் அவ்வளவு நீட்டலின்றியே பொருந்துகின்றன.

இந்த வினாவுக்கு வழக்கமாக வரும் விடை எப்படியிருக்கும்? கொடுமணல் சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் இருக்கிறது, பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடுகிறது, கல்மணிகள் கிடைத்தன, தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன, இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. எல்லாம் சரியான செய்திகள். ஆனால் மதிப்பீடு ஒன்றும் இல்லை. 'கொண்டு' என்பது மூன்றாம் வேற்றுமைச் சொல்லுருபு. அகழாய்வு இங்கே கருவிப்பொருள் என்று அது காட்டுகிறது. அந்த ஒரு சொல்லைப் படித்த மாணவர் அகழாய்வைத் தலைப்பாக்க மாட்டார், சான்றாக்குவார். வேலை முடியாத மணிகள் கிடைப்பதால் அவை அங்கேயே செய்யப்பட்டன என்பார். பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைக்கும். சூதுபவளத்தின் மூலக்கல் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே சரக்கு போன வழியில் சரக்கு வரவும் செய்தது என்பார். விலை, அளவு, கொடுக்கல் வாங்கல் முறை ஆகியவற்றை இச்சான்றுகள் எவ்வளவு தூரம் சொல்லும், எங்கே நின்றுவிடும் என்றும் கணிப்பார். செய்தி கூடவில்லை, வினைக்கு விடை கிடைத்திருக்கிறது.

முந்தைய விடையை நன்னூல் எந்த வகையில் சேர்க்கும் என்பதும் கருதத்தக்கது. பொதுவியலில் வினா ஆறு, விடை எட்டு. அறிவினா என்பது விடை தெரிந்தவர் மற்றவரின் அறிவை அறியக் கேட்பது. தேர்வு வினாக்கள் அனைத்தும் இவ்வகை. விடைகளுள் சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடியானவை. மற்ற ஐந்தும் குறிப்பால் விடையாகின்றன; அவற்றுள் ஒன்று இனமொழி. ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது அதற்கு வழக்கமான காட்டு. மதிப்பிடச் சொன்னபோது வரலாறு எழுதுவது இனமொழி விடையே. உரையாடலில் அது செல்லும். அறிவினாவுக்கு அது செல்லக்கூடாது என்பது என் துணிபு.

இந்தக் குறைபாட்டுக்குக் கோவையிலேயே ஒரு வரலாறு உண்டு. சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பைத் தமிழ்வழியில் நடத்தும் சோதனை முயற்சி தொடங்கியது. வரலாறும் பொருளியலும் தமிழில் கற்பிக்கப்பட்டபோது எல்லோருடைய கவலையும் கலைச்சொல் பற்றியதாக இருந்தது. கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் நடத்திய கலைக்கதிர் போன்ற இதழ்கள் அந்தத் தேவைக்குச் செய்த தொண்டு பெரிது. ஆனால் கலைச்சொல் தொகுதிகளைப் புரட்டினால் பெரும்பகுதி பெயர்ச்சொற்கள். தேவை, அளிப்பு, உற்பத்தி எல்லாம் வரையறை பெற்றன. அவற்றை மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வினைகள் அப்படி வரையறை பெறவில்லை. ஆசிரியருக்கு ஆசிரியர் பொருள் மாறும் நிலையிலேயே வினாத்தாளுக்குள் வந்து சேர்ந்தன.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். வினா எடுப்பவர்களே 'விளக்குக', 'விவரி', 'எழுதுக', 'கட்டுரைக்க' என மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒரே வினா சென்ற ஆண்டு ஒரு வினையோடும் இந்த ஆண்டு வேறொன்றோடும் வருகிறது. அப்படியிருக்க, வினையை மதிக்காத மாணவர் அனுபவத்தால் கற்றதையே செய்கிறார். இந்த மறுப்பை முழுதும் ஏற்கிறேன். குற்றத்தின் முதற்பங்கு வினாத்தாள் எடுப்போருடையது. பெஞ்சமின் புளூமின் வகைப்பாட்டைத் தழுவிக் கே1 முதல் கே6 வரை நிலை குறிக்கும் வழக்கம் தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் வந்தபின்னும், நிலை ஓரத்தில் ஏறியதே தவிர வினை திருந்தவில்லை. 1956-இல் பெயர்ச்சொற்களாக இருந்த அந்த ஆறு படிகளையும் 2001-இல் திருத்தியவர்கள் வினைச்சொற்களாக மாற்றினார்கள். கற்றல் என்பது செய்வது என்று காட்டவே அந்த மாற்றம். நாம் அதை எண்ணாக்கிப் பெயருக்கே திருப்பிவிட்டோம்.

பாயிரத்துக்கு வந்தால் இந்த வினைகளுக்கு வரையறையே கிடைக்கிறது. உரையின் உறுப்புகளாகத் தொகுத்துரைத்தல், உதாரணம் காட்டல், விரித்தல், துணிதல், பயன் கூறல் தனித்தனியே எண்ணப்படுகின்றன. காண்டிகை கருத்தும் சொற்பொருளும் காட்டும் வினாவிடையும் தந்து நிற்கும். விருத்தி நூற்பாவில் இல்லாததும் பொருளுக்கு இன்றியமையாததும் சேர்த்து ஐயம் அறுக்கும். குறுவிடைக்கும் நெடுவிடைக்கும் உள்ள வேறுபாடு பக்க அளவு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான வரையறை நான் காணவில்லை. எழுவகை மதத்தைப் பாருங்கள்: உடன்படலாம், மறுக்கலாம், பிறர் கருத்தை ஏற்றுப் பின் களையலாம், தானே ஒன்றை நாட்டி நிறுவலாம், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றம் காட்டலாம், எதனோடும் சேராமல் தன் மதம் கொள்ளலாம். 'திறனாய்க' என்னும் ஏவலுக்கு இத்தனை வாசல்கள் திறந்திருக்க, அச்சொல்லைக் கண்ட மாணவர் ஆசிரியர் வரலாறு எழுதத் தொடங்குவது வருத்தம் தருகிறது.

இலக்கணத் தாளில் மாணவரிடம் பழைய வினாத்தாளையே கொடுத்து ஆறு பொருளையும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். ஒரு பருவத்துப் பயிற்சி போதும். ஆனால் விடைக்குறிப்பு மாறாமல் இது நிலைக்காது. இன்றைய விடைக்குறிப்பு பெயர்களின் பட்டியல்: மணிகளுக்கு இரண்டு, ஓடுகளுக்கு இரண்டு, உலைகளுக்கு இரண்டு. 'மதிப்பிடுக' என்று கேட்ட தாளின் விடைக்குறிப்பில் துணிவு என்று ஒரு வரியும் அதற்கென ஒதுக்கிய மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். தாளைச் சரிபார்க்கும் குழு அந்த வரி இல்லாத விடைக்குறிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.