தேரோடும் வழியும் நம் நடையும்

மலேசியத் திருநாட்டில் நம் முன்னோர் விட்டுச் சென்ற வரலாற்றைச் சாலைகளிலும் காணலாம். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைத் திருத்தலம் வரை, தைப்பூசத்தை முன்னிட்டு ஆண்டுதோறும் வெள்ளி இரதம் செல்லும் வழி அத்தகையது. அதன் நீளம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அவ்வழியின் வரலாற்றையும், வழிநடையில் தாகம் தணிக்கும் நீர்மோரையும், நடை நம் உடலுக்குச் செய்யும் நன்மையையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பது இவ்விழாக் காலத்திற்குப் பொருத்தமாகும்.

ஆலயம் எழுந்த வரலாறு

1857ஆம் ஆண்டில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தை அடைந்த ஈயச் சுரங்கத் தொழிலாளர்களால் உருவான ஊரே கோலாலம்பூர். அவ்வூர் சிறு குடியிருப்பாக இருந்த 1873ஆம் ஆண்டில் மாரியம்மனுக்கு ஓர் ஆலயம் தோன்றியது. அதனை நிறுவியவர் கா. தம்புசாமி பிள்ளை ஆவார். 1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்த இப்பெருமகனார், சிலாங்கூரில் அரசுப் பணியாற்றிப் பின்னர் தொழில் துறையிலும் ஓங்கியவர். 1893ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற விக்டோரியா கல்விக்கழகத்தின் முதல் அறங்காவலர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

ஆலயம் பின்னர் இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு இடம் பெயர்ந்தது. தொடக்கத்தில் அவர்தம் குடும்பத்தார் வழிபடும் இடமாக இருந்து, பிற்காலத்தில் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. இன்று நாம் காணும் கட்டடம் 1968ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. ஐந்து நிலைகள் கொண்ட அதன் இராஜகோபுரம் ஏறத்தாழ 23 மீட்டர் உயரமுடையது.

குகையில் குடிகொண்ட குமரன்

பத்துமலைக் குன்றுகள் பல கோடி ஆண்டுகள் பழமையுடைய சுண்ணாம்புக் கற்களால் ஆனவை. ‘பத்து’ என்பது மலாய் மொழியில் கல்லைக் குறிக்கும் சொல். அருகில் ஓடும் சுங்கை பத்து ஆற்றின் பெயரே மலைக்கும் வாய்த்தது. தமிழர் செவியில் அஃது எண்ணாகவும் ஒலித்ததால், முருகனின் பத்தாம் திருத்தலம் என்று போற்றும் அன்பர்களும் உளர்.

குகையின் வாயில் வேல் போன்று தோற்றமளிக்கக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த தம்புசாமி பிள்ளை, அங்கே முருக வழிபாட்டைத் தொடங்கி வைத்தார் என்பர். 1892ஆம் ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. அக்காலத்தில் குகைக்கு ஏறப் படிக்கட்டுகள் இல்லை. 1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைந்தன. 1940ஆம் ஆண்டில் 272 கற்காரைப் படிகள் கட்டி முடிக்கப்பட்டன. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் படிகள் பல வண்ணம் பூண்டன. 1920க்கு முன் அங்கு ஏறிய அடியார்கள் மண்ணையும் பாறையையும் பற்றியே ஏறியிருக்க வேண்டும் என்பதை, இன்று கைப்பிடியைப் பிடித்து ஏறும் நாம் ஒரு கணம் நினைத்தல் தகும்.

வழியில் காணத்தக்கவை

இரதம் புறப்படும் சாலையிலேயே, மாரியம்மன் ஆலயத்திற்கு மிக அருகில், 1888ஆம் ஆண்டைச் சேர்ந்த குவான் தி சீனக் கோயில் உள்ளது. சற்றுத் தொலைவில், ஆறுகள் கூடும் இடத்தில் 1909ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஜாமிக் பள்ளிவாசல் நிற்கின்றது. ஒரே நடையில் மூன்று சமயத்தாரின் பழம்பெரும் வழிபாட்டிடங்களைக் கண்டு செல்லும் பேறு நமக்குக் கிட்டியுள்ளது.

அதன்பின் வருவது ஜாலான் ஈப்போ. அதன் ஒருபுறம் செந்தூல் வட்டாரம். இரயில்வே பட்டறையில் உழைத்த தமிழர் பலர் குடியிருந்த பகுதி அது. பிரிக்பீல்ட்ஸ் எவ்வாறு இரயில்வே பணியாளர்களால் தமிழ்மணம் பெற்றதோ, செந்தூலும் அவ்வாறே பெற்றது. ஜாலான் ஈப்போவில் சீன அன்பர்களும் தேங்காய் உடைத்து இரதத்தை வரவேற்பதைக் காணலாம். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். முடிவில் சுங்கை பத்து ஆற்றங்கரை. காவடி ஏந்துவோர் அங்கு நீராடித் தம் நேர்த்திக்கடனைத் தொடங்குகின்றனர்.

2021ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றின் காரணமாகப் பக்தர் கூட்டம் இன்றி இரதம் மட்டும் பத்துமலை சென்றது. உடன் நடக்க இயலாத அவ்வாண்டில்தான், நடப்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை நம்மில் பலர் உணர்ந்தோம்.

நடை தரும் நலம்

இங்கே கவலைக்குரிய ஒரு செய்தியையும் கூற வேண்டியுள்ளது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வு, நம் நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் உள்ளதெனக் காட்டியது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியர்களிடையே அது மிகுதி. காவடி சுமந்து மலையேறிய சமுதாயம் இன்று இந்நோயில் முன்நிற்பது வருந்தத்தக்கது. அலுவலக நாற்காலியில் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் என்போன்ற அரசுப் பணியாளர்கள் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள்தோறும் அரை மணி நேரம் என வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் அக்கணக்கு நிறைவுறும். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்திக் கொள்கின்றன. ஆதலின் உணவுக்குப் பின் சிறிது நடப்பது நன்று.

ஆண்டு முழுவதும் அமர்ந்திருந்துவிட்டு ஓரிரவில் 15 கிலோமீட்டர் நடக்க முற்படுவது உடலுக்கு ஏற்றதன்று. விரதம் தொடங்கும் நாளிலேயே நடைப்பயிற்சியையும் தொடங்கிப் படிப்படியாகத் தொலைவைக் கூட்டுதல் அறிவுடைமை. இனிப்புநீர் நோயாளர் சிலருக்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கும். காயம் பட்டாலும் தெரியாது. அத்தகையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே வெறுங்காலுடன் நடக்க வேண்டும்.

பந்தலில் நீர்மோர்

வழிநடைப் பயணிகளுக்குப் பானகமும் நீர்மோரும் வழங்குவது நம் தொன்மரபு. பானகத்தில் வெல்லம் சேர்வதால் இனிப்புநீர் உள்ளவர்க்கு அஃது ஆகாது. இந்நாளில் பந்தல்களில் வழங்கப்படும் வண்ணச் சர்க்கரை நீரோ யாவர்க்கும் நன்மை தருவதன்று. நீர்மோர் செய்தல் எளிது.

பத்துக் குவளை நீர்மோருக்கு அரை லிட்டர் தயிரும், கொதிக்க வைத்து ஆறிய நீர் ஒன்றரை லிட்டரும் போதும். தயிரை மத்தால் நன்கு கடைந்து, திரளும் வெண்ணெயை நீக்கி, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். விரலளவு இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சிறிது கொத்துமல்லித் தழை ஆகியவற்றை இடித்துச் சேர்த்து, ஒரு சிட்டிகை பெருங்காயமும் அளவான உப்பும் இடவேண்டும். கால் மணி நேரம் கழித்து வடிகட்டினால் குழந்தைகளும் விரும்பி அருந்துவர். இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு உப்பைக் குறைத்துத் தனியே எடுத்து வைத்தல் நலம். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் மோர் விரைவில் புளித்துவிடும். ஆகவே, பந்தலில் சிறிது சிறிதாகக் கலந்து, எஞ்சியதைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும்.

நம் கடமை

நம் பிள்ளைகள் பலர் பத்துமலையை மகிழுந்தின் சாளரத்தின் வழியே மட்டும் அறிந்துள்ளனர். 2010ஆம் ஆண்டு முதல் பத்துமலைக்குக் கொம்யூட்டர் இரயில் சேவையும் உள்ளது. முதியோர்க்கும் கிள்ளானிலிருந்து வரும் குடும்பங்களுக்கும் அது பேருதவி. எனினும், நடக்க வல்ல பிள்ளைகளை ஒரு பகுதியேனும் நடக்கச் செய்து, இது தம்புசாமி பிள்ளை கண்ட தலம், இது இரயில்வே தமிழர் வாழ்ந்த ஊர் என்று சுட்டிக் காட்டுதல் பெற்றோர் கடமையாகும். ஆலயப் பந்தல்களில் சர்க்கரை நீருக்கு மாற்றாக நீர்மோர் வழங்கவும், வார இறுதிகளில் உறுப்பினர் குடும்பங்கள் கூடி நடக்கவும் நிருவாகக் குழுவினர் ஆவன செய்தால் அது சிறந்த தொண்டாகும்.

முன்னோர் நடந்த வழி நமக்குக் கிடைத்த சொத்து. அதில் ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது வழிபாடு. நாள்தோறும் நம் இல்லத்தருகே நடந்து உடலைப் பேணுவது அவ்வழிபாட்டிற்குச் செய்யும் ஆயத்தம். எல்லாம் வல்ல முருகப் பெருமான் திருவருளால் அடுத்த தைப்பூசத்தில் நாம் அனைவரும் நலமுடன் நடப்போமாக.