ஒற்றைப்படை, இரட்டைப்படை

தாத்தாவைப் பக்கவாதத்தோடு மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள், தாதி ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். தாத்தாவின் மேற்கையில் நாடாவைச் சுற்றிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“என்ன மிஸ், சட்டை தைக்கப் போறீங்களா?” என்று பாட்டி கேட்டார்.

“எழுந்து நிக்க முடியாதவர எப்படி பாட்டி தராசுல ஏத்துறது? கையத்தான் அளக்கணும்.”

கிளினிக் அட்டையில் எடை இருக்கிறதே, 62 கிலோ, சரியான எடைதானே என்றேன். தாதி தாத்தாவின் கணுக்காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. தாத்தாவுக்கு இதயமும் பலவீனம். “இதுல பாதி தண்ணிங்க தம்பி. சதை எப்பவோ போயிருச்சு.”

கம்போங் ராஜா தேயிலை மலையில் முப்பது வருசம் கத்தரி பிடித்த கை அது. நான் எந்திரவியல் படித்தவன். எடையுணரிக்குத் தண்ணீரும் தசையும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அதுவரை அந்த 62ஐ நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

காத்திருந்த நாள்களில் கைப்பேசியில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அப்படியே 1905ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குப் போய்விட்டேன்.

அப்போது மலாயாவில் பெரிபெரி நோய் ஆள்களைக் கொன்றுகொண்டிருந்தது. அது இரண்டு முகம் கொண்ட நோய். ஒரு வகையில் இதயம் தளர்ந்து கால்கள் வீங்கும். இன்னொன்றில் நரம்புகள் செயலிழந்து கால்கள் துவளும். இன்றைய இதய வார்டு நோயாளி போலவும் பக்கவாத நோயாளி போலவும் தெரியும். வீங்கியவரைப் பார்த்தால் புஷ்டியாக இருப்பது போலத்தான் இருக்கும்.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இது பரவியபோது, வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார. 1905 டிசம்பர் 5ஆம் தேதி நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு வார்டுக்கு, இரட்டைப்படைக்காரர்கள் எதிர் வார்டுக்கு. ஒற்றைப்படைக்கு வழக்கமான தீட்டிய சியாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற சந்தேகம் தீர, பாதி வருசத்தில் இரு கூட்டத்தையும் வார்டு மாற்றியும் பார்த்தார்.

வெள்ளை அரிசி சாப்பிட்ட சுமார் 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. முடிவு 1907இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மருத்துவ வரலாற்றில் இதை நல்ல சோதனை என்று பாராட்டுகிறார்கள். நல்ல சோதனைதான். ஆனால் வரிசையில் தான் நின்ற இடம்தான் தன் சாவைத் தீர்மானிக்கும் என்று அந்த 18 பேரில் யாரிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புழுங்கல் அரிசி மேல் சந்தேகம் விழுந்ததே தமிழர்களால்தான். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன், வெள்ளை அரிசி தின்னும் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுவதையும், புழுங்கல் அரிசி தின்னும் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்புவதையும் கவனித்தார். அரிசியில் ஏதோ நஞ்சு சேருகிறது என்று அவர் நினைத்தார், அது தப்பு. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுக் காட்டில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்பது உறுதியானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து, அதாவது பி1 வைட்டமின், தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிகள் நெல் அவித்தது வைட்டமினுக்காக இல்லை. அதில் ‘அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்’ என்று பெருமை பேச ஒன்றும் இல்லை. பெரிபெரியில் தப்பிய அதே ஆள்களைத் தோட்டத்து மலேரியா கொண்டுபோனது.

உடம்பை எண்ணால் அளக்கும் சிக்கல் அதோடு முடியவில்லை. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே ‘லான்செட்’டில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம் உடம்புக்குள் தசை குறைவு, கொழுப்பு அதிகம். படுக்கையில் விழுந்தால் முதலில் கரைவது அந்தக் கொஞ்சத் தசைதான்.

பக்கவாத நோயாளிகளின் உணவு பற்றிய ‘ஃபூட்’ என்ற பன்னாட்டு ஆய்வு 2003இல் ஒரு கணக்கு சொன்னது. சேரும்போதே ஊட்டம் குறைந்திருந்தவர்களில் 37 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். சாதாரணமாக இருந்தவர்களில் 20 விழுக்காடு. ஊட்டம் குறைவா இல்லையா என்பதைப் பெரும்பாலும் படுக்கையருகே பார்த்தே முடிவு செய்தார்கள். அந்தப் பார்வைக்கே அவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

தாத்தாவின் வார்டில் பகல் பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு வரும். சோறு, மீன், கீரை, மேலே பிளாஸ்டிக் மூடி. வலது கை அசையாத மனிதர் அந்த மூடியை எப்படித் திறப்பார்? பார்வை நேரம் தொடங்கி நாங்கள் உள்ளே போவதற்குள் தட்டு திறக்காமலே திரும்பிப் போயிருக்கும். கோப்பில் ‘உணவு வழங்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. சொல்லிச் சொல்லி ஐந்தாம் நாள்தான் ஒருவருக்கு முன்கூட்டியே உள்ளே வர அனுமதி கிடைத்தது.

விழுங்கும் சோதனை முடிந்து, கெட்டியாக இருந்தால் கொடுக்கலாம் என்றார்கள். பாட்டி விடியற்காலையில் புழுங்கல் அரிசிக் கஞ்சி காய்ச்சி, முட்டை அடித்துக் கலந்து, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் சாலையில் என்னோடு மலையிறங்குவார். கரண்டிக் கணக்கில் ஊட்டுவார். எத்தனை கரண்டி என்று நான் ஒரு நோட்டில் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அதே தாதி நாடாவைச் சுற்றினார். முதல் நாள் 23.5 சென்டிமீட்டர். இப்போது 23.

“கால்ல வீக்கம் வடிஞ்சிருக்கு, எடையும் குறைஞ்சிருக்கும்” என்றார். “கை இவ்வளவுக்கு நின்னதே பெரிசு. கஞ்சிய நிறுத்தாதீங்க பாட்டி.”

பாட்டி பிளாஸ்கைத் திறந்தார்.