துவக்கின் தாழ்ப்பாளும் டெவன் தோட்டமும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் கொழுந்துக் கூடையையும் லயத்தையும் துண்டு முறையையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். துவக்கைப் பற்றி எழுதியவர் குறைவு. எனினும் திம்புள்ளையின் கதையில் அதற்கும் ஓர் இடமுண்டு.

நான் குறிப்பிடுவது 303 எனப் பரவலாக அறியப்பட்ட லீ-என்ஃபீல்ட் துவக்கை. 1895இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட இத்துவக்கு, பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். கதவுத் தாழ்ப்பாள் போன்ற கைப்பிடியை உயர்த்திப் பின்னே இழுத்தால் வெற்றுக் கோது வெளியே விழும். முன்னே தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே புகும். ஒவ்வொரு வேட்டுக்கும் கை இவ்வேலையைச் செய்தாக வேண்டும். குறி தப்பாத துவக்கு என்பதால் தொலைநோக்கி பொருத்திய வகைகளும் பின்னர் வந்தன. 1970களில் எல்42 என்னும் வகையைப் பிரித்தானியப் படையினரும், என்ஃபோர்ஸர் என்னும் வகையைப் பிரித்தானியப் பொலிஸாரும் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவதற்குப் பயன்படுத்தினர்.

மலையகத்தில் துவக்குப் பயிற்சி பெற்றோருள் தோட்டத் துரைமார் முக்கியமானவர்கள். 1900இல் அமைக்கப்பட்ட சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்னும் தொண்டர் படை ஐரோப்பியத் துரைமாரைக் கொண்டது. அதன் வீரர்கள் போவர் யுத்தத்துக்கும், முதலாம் உலகப் போரில் எகிப்துக்கும் கலிபோலிக்கும் சென்றனர். பிரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணியவரே துவக்கும் பழகியவராக இருந்தார். 1949இல் அப்படை கலைக்கப்பட்டது.

ஆனால் தொழிலாளியின் உயிரைப் பறித்தவை பொலிஸாரின் துவக்குகளே. 303 துவக்கு இலங்கைப் பொலிஸாரிடம் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். இதையொட்டிப் பொலிஸ் அதிகாரம் யாருடையது என்ற சர்ச்சையில் ஆளுநர் கால்டிகாட்டுடன் முரண்பட்டு அமைச்சர்களே பதவி துறந்தனர்.

முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து அதுவே திம்புள்ளைப் பகுதியிலும் நிகழ்ந்தது. தோட்டங்கள் அப்போது அரசுடைமை; ஆட்சியும் நம்மவருடையது. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தளிக்கும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் பலியானார். மலையகமெங்கும் எழுந்த எதிர்ப்பால் அக்காணி காப்பாற்றப்பட்டது.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இத்தகைய செய்திகளில் "துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதுவது வழக்கம். மேற்கொண்டவர் யார், உத்தரவிட்டவர் யார் என்பன அவ்வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. தாழ்ப்பாளை இழுத்து, தள்ளி, மடக்கி, குறிபார்த்துச் சுட வேண்டிய துவக்கு தானாக எவரையும் கொல்லாது. ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் ஒரு மனிதனின் தீர்மானம் இருக்கிறது.

லெட்சுமணனின் பெயரை மலையகம் இன்றும் நினைவுகூர்கிறது. சுட்டவர் பெயரைக் கேட்போர்தாம் அரிது.