நீரிழிவும் லயத்து இரவும்: மலையகத் தோட்ட வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

நீரிழிவு என்னும் பெயர் நோயின் காரணத்தைச் சுட்டாது அதன் முதற் குறியைச் சுட்டி நிற்பது. இழிதல் என்பது மேலிருந்து கீழிறங்குதல். உடலினின்றும் நீர் ஓயாது இறங்குதலின் நோய்க்கு அப்பெயர் வாய்த்தது. இலங்கைத் தமிழர் வழக்கிற் சலரோகம் என்பதும் இதுவே. கிரேக்கர் இதற்கு வழங்கிய டயபெற்றீசு என்னும் சொல் ஊடே வழிந்து செல்லுதல் என்னும் பொருளது, கி. பி. 2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அரெற்றேயசு என்னும் மருத்துவர், உடலின் தசை உருகி நீராய் வெளியேறுவதாகவே இதனை வருணித்தார். வடமொழி மருத்துவ நூலார், எறும்பு மொய்க்கும் அந்நீரின் இனிமை நோக்கி மதுமேகம் என்றனர். ஐரோப்பாவில் அவ்வினிமையைத் தோமசு வில்லிசு 1674இல் எடுத்துரைத்தார். அது சர்க்கரையே என்பதை மத்தேயு தொப்சன் 1776இல் நிறுவினார். ஆக, இந்நோயை அறிந்தோர் யாவரும் முதலில் உற்றுநோக்கியது நீரையே.

நீர் இறங்குவதன் காரணம் பிற்காலத்தே விளங்கிற்று. 1889இல் திராசுபூர்க்கு நகரில் மிங்கோவுசுக்கி, வொன் மேரிங் ஆகிய இருவர் ஒரு நாயின் சதையியை அகற்ற, அது கட்டுக்கடங்காது சிறுநீர் கழிக்கத் தொடங்கிற்று. நோய்க்கும் சதையிக்குமுள்ள தொடர்பு அதனால் வெளிப்பட்டது. 1921இல் தொரொன்ரோ நகரில் பாண்டிங், பெசுற்று ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். இன்சுலின் குறைந்தாலும், இருந்தும் உடல் அதற்கு இணங்காவிடினும், குருதியிற் சர்க்கரை ஏறும். 100 மில்லி லீற்றர் குருதியில் அது ஏறக்குறைய 180 மில்லி கிராமைக் கடக்குமாயின், சிறுநீரகம் முழுவதையும் மீட்டுக்கொள்ள மாட்டாது வெளியே விடும். வெளியேறும் சர்க்கரை தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்லும். நீர் குன்றவே தாகம் மிகும். தாகந்தீர அருந்திய நீரும் அவ்வழியே போகும். பகலில் வேலையிடையே கவனியாது விடப்படும் இக்குறி, இரவில் உறக்கத்தைக் கலைத்துத் தன்னை அறிவிக்கிறது. இரவில் மும்முறை, நான்குமுறை எழுகின்றார் யாவரும் நீரிழிவுடையார் அல்லர். முதியோர்க்குச் சுக்கிலச் சுரப்பி வீக்கத்தாலும், இருதயத் தளர்ச்சியாலும், சில மருந்துகளாலும் அது நேரும். எனினும் பலர்க்கு நோயின் முதல் தூதாக வருவது இதுவே.

அங்ஙனம் எழுபவர் எங்கே செல்கிறார் என்னும் வினா மருத்துவ நூல்களில் இடம்பெறுவதில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஆராய்வார்க்கோ அதுவே முதல் வினாவாதல் வேண்டும்.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலும், அட்டன் 4,000 அடிக்கு மேலும் அமைந்தவை. தை, மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்துப் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. குளிர்தானும் சிறுநீரைப் பெருக்கும். தோலிலுள்ள குருதிக் குழாய்கள் சுருங்க, குருதி உள்ளுறுப்புக்களை நாட, சிறுநீரகம் மிகுதியான நீரை வெளியேற்றும். நோயாற் பெருகும் நீரோடு குளிராற் பெருகும் நீரும் இங்குச் சேர்கின்றது.

இம்மலைகளில் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த லயம், கோப்பிக் காலத்தின் எச்சம். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை. ஏறக்குறையப் பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமுமான ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, உள்ளே அடுப்பு. பல இடங்களில் இருநிரைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டமையாற் பின்வாயிலும் இல்லை. பெற்றோரும் பிள்ளைகளும் சிலபோது பாட்டனும் பாட்டியும் அவ்வொரு தரையிற் படுத்தனர். இரவில் எழும் ஒருவர் ஏனையோரைத் தாண்டியே கதவை அடைதல் வேண்டும்.

கதவுக்கு அப்பால் என்ன இருந்தது? நெடுங்காலம் ஒன்றும் இருக்கவில்லை. கானும் புதருமே இருந்தன. கழிப்பிடம் தோட்டத்துக்கு வந்தது கொக்கிப்புழுவின் பொருட்டு. 1916இல் உரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மண்ணிற் படியும் மலத்தாலே புழு பரவுதலின், மருந்து மட்டும் பயன்படாது, கழிப்பிடமும் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். செலவுக்கஞ்சிய தோட்டத்துரைமார் பலர் உடன்படத் தயங்கினர். பின்னர்க் கட்டப்பட்டவையும் பல குடும்பங்களுக்குப் பொதுவாய், லயத்துக்குப் புறம்பாய், பெரும்பாலும் சரிவிற் படியிறங்கிச் செல்லும் இடத்தே அமைந்தன. புழுவைத் தடுக்க அவை போதும். இரவில் நான்குமுறை எழும் ஒருவருக்கு அவை இருந்தும் இல்லாதன போல்வன. கம்பளியைப் போர்த்து, குப்பி விளக்கைக் கையிற்பிடித்து, மழையில் வழுக்கும் படிகளில் இறங்கல் வேண்டும். அட்டையும் பாம்பும் உள. அட்டன் பக்கத்துத் தோட்டங்களிற் சிறுத்தையும் உண்டு. ஆடவர் இஸ்தோப்பு ஓரத்தோடு நின்றுவிடுவர். பெண்டிர்க்கு அதுவும் இயலாது. வாளியொன்றைக் காம்பரா மூலையில் வைத்து விடியுமுன் யாரும் காணாது கொண்டுபோய்க் கொட்டுதல் அவர்கள் கண்ட வழி. அவ்வாளியைச் சுற்றி எறும்பு மொய்ப்பதே பல வீடுகளில் நோயை முதலில் உணர்த்திற்று. ஆய்வுகூடம் கண்டிராத மூதாட்டியர் பண்டை மருத்துவ நூலாரின் சோதனையைத் தாமே செய்து முடித்தனர்.

இனித் தோட்ட மருத்துவம் இந்நோயை ஏன் நெடுங்காலம் காணாதிருந்தது என்பது ஆராயற்பாலது. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிப்பதற்கான சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. 1912இல் மருத்துவத் தேவைச் சட்டமும் தொழிலாளர் நோய்ச் சட்டமும் புதிதாய் வந்தன. கோதாரி, அம்மை, வயிற்றளைச்சல், கொக்கிப்புழு ஆகியன கூலிகளைக் கூட்டமாய் வீழ்த்தின. வீழ்ந்தார் பெரட்டுக்கு வாரார். வாராதார்க்குச் செக்ரோலிற் பேர் விழாது. தோட்டத்துக்கு அது நட்டம். ஆகவே எந்நோய் காலைப் பெரட்டிற் புலப்பட்டதோ அந்நோய்க்கே மருத்துவம் அமைந்தது. நீரிழிவுடையார் காலையிற் பெரட்டுக்கு வந்தனர். உறக்கங்கெட்ட கண்ணும் உலர்ந்த நாவும் செக்ரோலில் ஏறுவன அல்ல.

அன்றியும், இது உழைப்பாளிக்கு வாராத நோய் என்னும் எண்ணம் அக்காலத்து ஆங்கில மருத்துவரிடை வேரூன்றியிருந்தது. 1907இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வெப்பவலய நாடுகளில் நீரிழிவு என்னும் பொருள்பற்றி விவாதம் நிகழ்ந்தது. ஆங்கு முன்னின்ற உருவம், இருந்தெழுதி வாழும் வசதிபடைத்த வங்காளத்து மேன்மக்களின் உருவமே. அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. அந்நாளில் உண்மையும் பெரும்பாலும் அதுவாயிருந்திருக்கும். சுசுருதரும் இதற்கு இணங்கவே மருந்து வகுத்தார்: பொருளில்லாத நோயாளி செருப்பும் குடையுமின்றி, இரந்துண்டு, ஓரூரில் ஓரிரவுக்கு மேல் தங்காது, நூறு யோசனை தூரம் நடப்பானாக என்றார்.

மலையகத்தார் வரலாற்றை அறிந்தார்க்கு இம்மருந்து வியப்பளிக்கும். மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் வெறுங்காலுடன் நடந்து மாத்தளையை அடைந்தோர் அவர்தம் முன்னோர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் கூடையுடன் சரிவேறிக் கொழுந்து பறிக்கின்றனர். நடையும் உழைப்பும் மட்டுமே காப்பாகுமாயின் நீரிழிவு இங்கு அடியெடுத்து வைத்திராது.

வந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. உணவு அவற்றுள் முதலாவது. தோட்டம் மாதந்தோறும் அரிசி அளந்து சம்பளத்திற் கழித்தது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அரிசி வரவு குன்றி, கோதுமை மா இலங்கையின் உணவிற் பேரிடம் பெற்றது. போர் முடிந்தும் மா நீங்கவில்லை. காலையிலும் மாலையிலும் றொட்டி, இடையே சீனியிட்ட தேத்தண்ணீர் என்பது தோட்டத்து உணவாயிற்று. காயும் பருப்பும் மீனும் கூலிக்கேற்பச் சுருங்கின. பசியை மா அடக்கும், உடலை வளர்க்காது. 1992இல் ஏல்சு, பாக்கர் ஆகிய ஆங்கில அறிஞர் இருவர் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கருவில் ஊட்டங்குன்றி எடை குறைந்து பிறக்கும் பிள்ளை, குறைவுக்கேற்பத் தன் உடலை அமைத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் மாப்பொருள் மிகுமாயின் அவ்வமைப்பே நீரிழிவுக்கு இடமாகிறது என்பது அதன் சாரம். எடை குறைந்த பிறப்பு இலங்கையிற் பிற பகுதிகளைவிடத் தோட்டங்களிலேயே மிகுதி என்பது நெடுங்கால உண்மை. தாயின் பட்டினி பிள்ளையின் ஐம்பதாம் வயதில் நோயாய் வெளிப்படுதல் கூடும் என்பதால், இந்நோயைச் செல்வரின் நோய் என்னும் பழங்கூற்று தலைகீழாகிறது. கடல்கடந்த ஏனை இந்தியரிடத்தும் இஃது ஒத்த போக்குடையது: 1950களிலும் 1960களிலும் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் ஆராய்ந்த காம்பெல் என்னும் மருத்துவர், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் வழிவந்த இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருக்கக் கண்டார்.

வடக்குக் கிழக்கு நீங்கலாக 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு, வளர்ந்தோரில் 100க்கு 10.3 பேர் நீரிழிவுடையார் எனக் கண்டது. நகரத்தே அது 16.4, நாட்டுப்புறத்தே 8.7. அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தமக்கு நோயுண்டென அதுவரை அறியாதிருந்தனர்.

இரவின் துன்பம் பகலிலும் தொடர்கிறது. கொழுந்து மலைகள் பெரும்பாலனவற்றிற் கழிப்பிடம் இல்லை. ஆதலின் பெண்கள் காலை முதலே தண்ணீர் அருந்தாது அடக்குகின்றனர். நீரிழிவுடைய பெண்ணுக்கு இவ்வடக்கம் தீங்கு பயப்பது. உடல் நீரை இழந்துகொண்டேயிருக்க, வாயால் ஏற்பதை நிறுத்துவது குருதியின் சர்க்கரையை மேலும் செறியச் செய்யும். கால்களின் நிலை இதனினும் கொடிது. நோய் முற்றுமிடத்துப் பாதம் உணர்ச்சி குன்றும். அட்டை கடித்த வாயும், கவ்வாத்து வெட்டிய மாரின் கூர்நுனி குத்திய புண்ணும் வலியாமையாற் கவனிப்பாரற்று அழுகும். சுசுருதர் வெறுங்கால் நடையை மருந்தென்றார். தேயிலைச் சரிவில் அதுவே விரலை வாங்குகிறது.

1948இற் குடியுரிமை இழந்த இம்மக்கள், நாட்டின் இலவச மருத்துவச் சேவைக்குப் புறம்பாய்த் தோட்ட மருந்துசாலையையே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மீண்டது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. மெற்போமின் மாத்திரை அரச கிளினிக்கில் விலையின்றிக் கிடைக்கிறது. ஆயினும் கிளினிக் நாளில் வேலைக்குச் செல்லாதார்க்கு நாட்கூலி இல்லை. ஆகையால் ஒருமாத மாத்திரையை இருமாதம் வைத்து உண்பாரும், அதனை விடுத்து ஆவாரம்பூக் கசாயம், நாவற்கொட்டைத் தூள், சிங்கள அயலாரிடமிருந்து கற்ற கொத்தல ஹிம்புட்டு மரக்கிண்ணத்து நீர் ஆகியவற்றை நம்புவாரும் உளர். இவற்றுட் சில சர்க்கரையைச் சிறிது குறைத்தல் கூடும், மாத்திரைக்கு ஈடாகா.

தனிவீட்டுத் திட்டங்களால் லயத்தை விட்டு நீங்கிய குடும்பங்களுக்கு வீட்டோடு கழிப்பிடமும் கிடைத்தது. கட்டுவோர் அதனை நலவாழ்வு வசதி என்னும் தலைப்பிற் கணக்கிட்டிருப்பர்; அவ்வீட்டிலுள்ள நீரிழிவுக் கிழவிக்கு அது சுவருக்கு இப்புறம் வந்துவிட்ட இரவு. லயங்களோ இன்னும் பல நிற்கின்றன. அங்கே மாலை ஆறுமணிக்குப் பின் தேத்தண்ணீரை மறுத்து, விடியுமட்டும் நாவறட்சியுடன் கிடப்போர் உளர். கிளினிக் அட்டையிற் சர்க்கரையின் அளவும் குருதி அழுத்தமும் எடையும் எழுதப்படுகின்றன. இரவில் எத்தனை முறை எழுந்தார், எத்தனை படி இறங்கினார் என்பதற்கு அதிற் கட்டம் இல்லை.