எஞ்சினுக்கு முன் ஆக்சிலைப் பாருங்கள்: மொரிஸ் மைனர் சொல்லும் பாடம்



தெமோதரைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது நம் ரயில் பாதையைப் பார்க்கத்தான். பாதை ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால் ஓர் அடிதான் ஏறலாம் என்பது அன்றைய பொறியியலாளர்களின் கணக்கு. அந்தக் கணக்கை மதித்துக் கட்டியதால்தான் 1924இல் ரயில் பதுளை வரை வந்தது. நம் தோட்டப் பாதைகளுக்கு அப்படியொரு கணக்கு இல்லை. அங்கே சுமையோடு ஏறும் பழைய காரில் முதலில் தோற்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல, பின் ஆக்சில். நம் பகுதியில் இன்னும் ஓடும் மொரிஸ் மைனர்களை வைத்து அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அப்போது அதில் இருந்தது 918 சிசி எஞ்சின், 27½ குதிரைவலு. 1952இல் மொரிஸ் கம்பனியும் ஒஸ்டின் கம்பனியும் ஒன்றான பின் ஒஸ்டினின் 803 சிசி எஞ்சின் வந்தது. 1956இல் 948 சிசி, 37 குதிரைவலு. 1962இல் 1098 சிசி, 48 குதிரைவலு. 1971இல் உற்பத்தி முடியும்போது 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்திருந்தன.

எஞ்சின் வளர்ந்த அளவுக்குப் பின் ஆக்சில் வளரவில்லை. பல் விகிதம் மாறியது. உள்ளே சுழன்று சக்கரத்தைத் திருப்பும் ஹாஃப் ஷாஃப்ட் மெலிதாகவே இருந்தது.

தயாரித்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1957இல் மைனரின் அடித்தளத்தை வைத்தே 1489 சிசி எஞ்சினுடன் ரைலி 1.5, வூல்ஸ்லி 1500 என்ற இரண்டு கார்களைச் செய்தார்கள். அப்போது எஞ்சினை மட்டும் பெரிதாக்கவில்லை. பின் ஆக்சிலையும் பிரேக்கையும் சேர்த்தே பெரிதாக்கினார்கள்.

நம் நாட்டில் கதை வேறு மாதிரிப் போனது. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. புதிய காரும் இல்லை, பாகமும் அரிது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினோம். 1977இல் பொருளாதாரம் திறந்த பின் ஜப்பான் வாகனங்கள் வந்தன. தேய்ந்த மொரிஸ் எஞ்சினைக் கழற்றிவிட்டு நிசான் எஞ்சினைப் பூட்டும் வழக்கமும் வந்தது. நம் பாஸ்மாரின் கைத்திறன் சாதாரணமானதல்ல. 1990களில் காலியில் மைனருக்கான பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஆனாலும் பல கார்களில் எஞ்சின் மாறியது, ஆக்சில் பழையதாகவே இருந்தது.

அதில் என்ன ஆபத்து? 1098 சிசி மைனரில் முதல் கியரின் விகிதம் ஏறக்குறைய 3.6, ஆக்சிலின் விகிதம் 4.2. இரண்டையும் பெருக்கினால் 15. எஞ்சின் தரும் முறுக்கு விசை 15 மடங்காகி ஆக்சிலுக்குப் போகிறது. ஐந்து பேரை ஏற்றி, ஏற்றத்தில் நிறுத்தி, கிளட்சைச் சடாரென விட்டால், அல்லது மழைச் சேற்றில் சுழன்ற சக்கரம் திடீரெனத் தரையைப் பிடித்தால், அந்த அடி முழுவதும் ஹாஃப் ஷாஃப்டில் விழும். டிஃபரன்சியலுக்குள் போகும் பல் வெட்டிய முனையில்தான் அது பெரும்பாலும் முறியும்.

ஒரு பக்கம் முறிந்தாலே போதும், கார் இழுக்காது. எஞ்சின் உறுமும், வண்டி பின்னால் உருளும். இறக்கத்தில் முறிந்தால் இன்னும் மோசம்: கியர் பிடிப்பு போய்விடும், முழுச் சுமையும் பழைய டிரம் பிரேக்கில் விழும். எல்ல – வெல்லவாய இறக்கத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதைப் பூட்டுவது? பழைய எஞ்சினோடு ஓட்டுபவர்களுக்கு, உறுதியான எஃகில் செய்த ஹாஃப் ஷாஃப்ட் போதும். காரின் தோற்றமும் மாறாது. பெரிய எஞ்சின் உள்ளவர்களுக்கு முழு ஆக்சிலையே மாற்றுவது நல்லது. இங்கிலாந்தில் ரைலி, மொரிஸ் மரீனா, ஃபோர்ட் எஸ்கோர்ட் ஆக்சில்களைப் பூட்டுகிறார்கள். ஆனால் பலமானது என்பதற்காக மட்டும் எடுக்கக் கூடாது. ரைலி ஆக்சிலின் விகிதம் 3.73. அதை 1098 சிசி எஞ்சினோடு பூட்டினால் இழுவை சுமார் 12 வீதம் குறையும். சமதரையில் சுகமாக ஓடும், நம் மலையில் மூச்சு வாங்கும்.

நிசான் ஆக்சில் என்றால் சக்கர ஆணிகளையும் பாருங்கள். மொரிஸில் நான்கு ஆணிகளும் 101.6 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும், பழைய நிசான் சன்னியில் 114.3. முன்னுக்கு ஒரு சக்கரம், பின்னுக்கு வேறு சக்கரம் என்றாகிவிட்டால் ஒரே ஸ்பெயார் வீலை இரண்டு பக்கமும் போட முடியாது. ஆக்சிலின் அகலம், பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடம், புரொப்பெலர் ஷாஃப்டின் நீளம், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றை அளந்த பிறகே காசு கொடுங்கள்.

பழைய கார் வைத்திருப்பது நல்ல விடயம், அது நம் பெரியவர்களின் உழைப்பு. ஆனால் அதில் ஏறுவது நம் பிள்ளைகள். ஆகவே எஞ்சினைப் பெரிதாக்கும் எண்ணம் உள்ளவர்கள் 1957இல் அவர்கள் செய்ததையே செய்யுங்கள்: ஆக்சிலையும் பிரேக்கையும் சேர்த்து மாற்றுங்கள். மூன்றுக்கும் காசு இல்லையென்றால், கொஞ்சம் பொறுத்து, பழைய எஞ்சினைத் திருத்தி ஓட்டுங்கள்.