சிறு பிராணி மருத்துவமனை: கால்நடை மருத்துவர்களின் தனி ஆர்வத் துறைகள்

நாய், பூனை, முயல், கூண்டுப் பறவை போன்ற வீட்டு வளர்ப்புப் பிராணிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் இடம் சிறு பிராணி மருத்துவமனை எனப்படும். இம்மருத்துவமனைகளின் பெயர்ப் பலகையில், மருத்துவரின் பெயருக்குக் கீழே ‘தோல் நோய்’, ‘பல் சிகிச்சை’, ‘பூனை மருத்துவம்’ போன்ற குறிப்புகள் காணப்படுவதுண்டு. இக்குறிப்பு எல்லா இடங்களிலும் ஒரே பொருள் தருவதில்லை. சிலருக்கு அது பட்டமேற்படிப்பைக் குறிக்கும். சிலருக்கு விருப்பத்துடன் தொடர்ந்து பயின்றுவரும் துறையைக் குறிக்கும். இரண்டும் பயனுடையவையே, எனினும் இரண்டும் ஒன்றல்ல.

தகுதியும் பதிவும்

இந்தியாவில் கால்நடை மருத்துவருக்குரிய அடிப்படைப் பட்டம் பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். ஆகும். உள்ளுறைப் பயிற்சி உட்பட இதன் காலம் ஐந்தரை ஆண்டுகள். மாடு, ஆடு, கோழி, குதிரை, நாய் என அனைத்தும் இப்படிப்பில் அடங்கும். எனவே, பட்டம் பெற்ற அனைவருக்கும் நாய், பூனை மருத்துவத்தில் ஒரே அளவு அனுபவம் இருக்கும் எனக் கொள்ள இயலாது.

எம்.வி.எஸ்சி. பட்டமேற்படிப்பில் பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை மற்றும் கதிரியக்கவியல், இனப்பெருக்கம் மற்றும் மகப்பேறு ஆகியவை சிகிச்சை சார்ந்த முதன்மைப் பிரிவுகள். கண், பல், இதயம் ஆகியவற்றில் ஈடுபாடு கொண்ட மருத்துவர் பெரும்பாலும் இப்பிரிவுகளுள் ஒன்றிலிருந்து வந்தவராகவே இருப்பார். ‘இத்துறையில் பட்டமேற்படிப்பா, பயிற்சியா, இத்தகைய நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறீர்களா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன்படி, கால்நடை மருத்துவத் தொழில் செய்பவர் மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். மருந்துக்கடைப் பணியாளரோ நாய் விற்பனையாளரோ கூறும் மருந்து மருத்துவரின் பரிந்துரைக்கு ஈடாகாது.

தனி ஆர்வம் எப்போது தேவை?

தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சிறு காயம் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள பொதுக் கால்நடை மருத்துவரே போதும். மீண்டும் மீண்டும் வரும் அரிப்பு, குணமாகாத கண் புண், தொடர்ந்த நொண்டல், வயது முதிர்ந்த நாயின் இருமல் ஆகியவற்றுக்கு அத்துறையில் அனுபவம் உள்ளவரை நாடுவது நன்று. பல் சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை. மயக்க மருந்து இன்றிப் பல்லின் மேற்பரப்பைச் சுரண்டினால் பல் வெண்மையாகத் தோன்றலாம். ஈறுக்கு அடியிலுள்ள நோய் அப்படியே இருக்கும்.

பூனையைச் சிறிய நாயாகக் கருதுதல் கூடாது. பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரையும் உயிரைப் பறிக்கலாம். நாய்களின் உண்ணி நீக்கத்துக்கான பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தும் பூனைக்கு நஞ்சாகும். முயலின் நிலை மேலும் வேறுபட்டது. வாய்வழி கொடுக்கப்படும் அமாக்சிசிலின் அதன் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களை அழித்து மரணம் விளைவிக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினி வைப்பது வழக்கம். வாந்தி எடுக்க இயலாத முயலை அவ்வாறு பட்டினி வைப்பது தீங்கு. முயல், பறவை வளர்ப்போர், அவற்றைப் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை நோய் வருமுன்னரே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் கடினமான நோய்நிலைகள் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகின்றன. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இவற்றுள் ஒன்று. அங்கு செல்கையில் முந்தைய இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே, கொடுத்த மருந்துகளின் அட்டை ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லவும். மருந்தின் நிறத்தைச் சொல்வதால் பயனில்லை.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழ்க்கண்ட நிலைகளில் தனித்துறை மருத்துவரைத் தேடிக் காலம் கடத்தாமல், திறந்திருக்கும் மருத்துவமனைக்கு உடனே செல்லவும்.

• ஆண் பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் வராத நிலை. இதனை மலச்சிக்கல் எனத் தவறாகக் கருதி வீட்டில் எண்ணெய் கொடுத்துக் காத்திருப்போர் பலர். அடைப்பு நீடித்தால் ஓரிரு நாட்களில் உயிரிழப்பு நேரலாம்.
• பெரிய உருவ நாயின் வயிறு திடீரென உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தல்.
• கருத்தடை செய்யப்படாத பெண் நாய், பருவகாலம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, மிகுதியாக நீர் அருந்துதல். இது கருப்பையில் சீழ் பிடித்ததன் அறிகுறியாக இருக்கலாம். சீழ் வெளியே வடியாமலும் இருக்கலாம்.
• முயல் அரைநாள் அளவு உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருத்தல்.

பராமரிப்பவரைப் பிராணி கடித்தால்

சிகிச்சையின்போது வளர்ப்பு நாய் அல்லது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவவும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் இடுதல் கூடாது. பிராணிக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தாலும், அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லவும். உங்களுக்குரிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முடிவு செய்ய வேண்டியவர் அங்குள்ள மருத்துவரே, கால்நடை மருத்துவர் அல்லர். பிராணியின் தடுப்பூசி அட்டையை உடன் கொண்டு செல்லவும்.