அம்பலம் ஏறிய ஏழை சொல்

ஏழை சொல் அம்பலம் ஏறாதென்பது நம்மவர் பழமொழி. அஃது எக்காலத்தும் மெய்யன்று என்பதற்கு ஒரு வழக்கே சான்று.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையடியில் உவாராஸ் என்னும் ஊர் உளது. 1941 டிசம்பரில் மலைமேலுள்ள பால்காகோச்சா ஏரி உடைந்து, அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பின்னாளில் உலக வெப்பம் ஏற, பனிப்பாறை உருகி, அவ்வேரி மீண்டும் பெருத்தது.

அவ்வூர் உழவர் சவுல் லூசியானோ லியூயா, 2015-இல், ஆர்.டபிள்யூ.ஈ. என்னும் ஜெர்மானிய மின்சாரக் கம்பெனிமீது அந்நாட்டிலேயே வழக்கிட்டார். உலகத் தொழிற்புகையில் அதன் பங்கு நூற்றுக்கு 0.47 என மதிப்பிட்டு, ஊர்காக்கும் செலவிலும் அப்பங்கையே, ஏறத்தாழ 17,000 யூரோவைக் கேட்டார். அண்டைவீட்டார் இழைக்கும் கேட்டைத் தடுக்கும் பழைய சட்டமே அவர் பற்றிய கொழுகொம்பு.

எஸ்ஸென் நீதிமன்றம் 2016-இல் வழக்கைத் தள்ளிற்று. ஹாம் மேல்மன்றம் 2017-இல் விசாரணைக்கு ஏற்றது. முப்பதாண்டுக்குள் வெள்ளம் அவர் வீட்டை அடையும் வாய்ப்பு நூற்றுக்கு 1 அளவே எனக் கூறி, அம்மன்றமும் 2025 மே 28-இல் வழக்கைத் தள்ளியது. எனினும், புகை கக்கும் பெருங்கம்பெனி கடல்கடந்த நாட்டில் விளையும் கேட்டுக்கும் பொறுப்பாகக்கூடும் என அத்தீர்ப்பே வரைந்தது.

உழவர் தோற்றார், அவர் திறந்த வாயிலோ அடைபடவில்லை. பாடுபடுவோனுக்கு நீதிமன்றம் எதற்கென இனியும் கேட்பார் உளரோ?